கிராங்க் கியர் வர மறுத்தால்: புல்லர் வாங்குவதும் பிடிப்பதும்

குடியாத்தம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. பம்பு செட் டீசல் என்ஜின், பவர் டில்லர், இரு சக்கர வண்டி எல்லாம் பார்க்கிறார். ஷாஃப்டில் இறுகிய கியரையும் பேரிங்கையும் கொக்கிக் கால்களால் பிடித்து, நடுத் திருகை முறுக்கி இழுத்தெடுக்கும் கருவிதான் புல்லர். கையில் இருந்த இரண்டு கால் புல்லரைப் போட்டு, ஒரு பம்பு செட் என்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் இறுகியிருந்த கிராங்க் கியரை இழுத்திருக்கிறார். கியர் வரவில்லை. புல்லரின் ஒரு கால் ஒடிந்தது, கியர் பல்லின் ஓரமும் நசுங்கியது. “இனி எண்ணெய் அழுத்தத்தில் இழுக்கும் ஹைட்ராலிக் புல்லரே வாங்கிவிடலாமா? எத்தனை டன் எடுப்பது?” என்கிறார்.

தம்பி, டன் கணக்கை அப்புறம் பார்க்கலாம். உங்கள் புல்லருக்கு இழுவை போதாமல் கால் ஒடியவில்லை. இழுவை போதாவிட்டால் திருகு மேற்கொண்டு சுற்றாமல் நின்றுவிடும், அவ்வளவுதான். கால் ஒடிந்ததென்றால் பிடித்த இடம் தப்பு. கொக்கியின் நுனி மட்டும் பல்லின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்திருக்கும், அல்லது இரண்டு காலும் ஒரே அளவு உட்காராமல் ஒன்றே முழுப் பாரத்தையும் வாங்கியிருக்கும். பல் நசுங்கியிருப்பதே அதற்குச் சாட்சி. அதே இடத்தில் ஹைட்ராலிக் புல்லரைப் பிடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் ஒடிந்திருக்கும், பல்லும் கூடவே போயிருக்கும்.

சாதாரணத் திருகுப் புல்லரின் பலத்தை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். நடுத் திருகு 20 மி.மீ. விட்டம், மரையில் கிரீஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ அழுத்தம் கொடுத்தால் திருகின் முனையில் ஏறக்குறைய 2 டன் கிடைக்கும். சின்ன என்ஜின் கியருக்கு இது லேசான பலம் இல்லை. மரை காய்ந்து துருப்பிடித்துக் கிடந்தால் நீங்கள் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே கரைந்துவிடும். நாமோ அது தெரியாமல் ஸ்பேனரில் குழாயைச் செருகி இன்னும் முறுக்குவோம். அதனால் முதல் வேலை, திருகைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, மரையிலும் முனையிலும் கிரீஸ் போடுவது. காசு செலவில்லாமல் புல்லரின் பலத்தைக் கூட்ட இதைவிட வேறு வழி கிடையாது.

சரி, கிராங்க் கியருக்கு வருவோம். பம்பு செட் என்ஜின்களில் கியருக்கும் பின்னால் இருக்கும் பேரிங் முகத்துக்கும் நடுவே விரல்கூட நுழையாது. புல்லர் காலின் கொக்கியோ தடிமனானது, அந்த இடுக்கில் போகாது. அங்கேதான் ஆள் அவசரப்பட்டு பல்லின் விளிம்பிலேயே கொக்கியை மாட்டிவிடுவார். இதற்கென்று இருப்பது பேரிங் செபரேட்டர். இரண்டு அரைவட்டத் தட்டுகள், உள்விளிம்பு கத்தியாகச் சீவியிருக்கும், இரு பக்கமும் நீளமான போல்ட்டு. கியருக்குப் பின்னால் அந்த விளிம்பை நுழைத்து போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால், தட்டு உள்ளே போகப் போக கியரே ஒரு மயிரிழை நகர்ந்து இடம் கொடுக்கும். பிறகு தட்டில் இருக்கும் மரைத் துளைகளில் இரண்டு நீள போல்ட்டைப் போட்டு, குறுக்குச் சட்டமும் நடுத் திருகும் வைத்து இழுக்க வேண்டும். பாரம் பல்லில் விழாது, கியரின் குடத்தை, அதாவது ஷாஃப்டில் ஏறும் நடுப்பகுதியைச் சுற்றி முழுவட்டமாக விழும். உங்கள் வேலைக்கு ஹைட்ராலிக்கை விட இந்தத் தட்டுதான் முதலில் தேவை.

இழுப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கியரின் முன்பக்கம் கரியும் பழைய எண்ணெயும் அப்பியிருக்கும். அதைத் துடைத்துப் பார்க்காமல் திருகைத் தொடாதீர்கள். அந்தக் கரிக்கு அடியில் ஒரு சர்க்ளிப் என்கிற பூட்டு வளையமோ, பூட்டு வாஷரோ, தலையில்லாத ஒரு சின்ன கிரப் ஸ்குரூவோ ஒளிந்திருக்கலாம். ‘எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை’ என்று என்ஜினைத் தூக்கிக்கொண்டு வருகிற கேஸ்களில் நிறைய இந்த வகைதான். அடுத்து டைமிங் புள்ளி. கிராங்க் கியரும் வால்வுகளை இயக்கும் கேம் கியரும் எந்தப் பல்லில் சேர வேண்டும் என்று கம்பெனி போட்ட புள்ளி இரண்டிலும் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் சென்டர் பன்ச்சால் நீங்களே ஒன்று போடுங்கள். சாய்ந்த பல் வைத்த கியராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கிராங்க் கியர் வெளியே வர வர அதன் பல் கேம் கியரைச் சுற்றிவிடும். கழற்றியபின் குறி பார்த்தால் ஒத்துவராது. முன்பே பார்த்து வைத்தால் திரும்பப் போடும்போது தலைவலி இல்லை. கியரின் முகம் ஷாஃப்ட் நுனியிலிருந்து எத்தனை மி.மீ. உள்ளே இருக்கிறது என்பதையும் வெர்னியரில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

ஷாஃப்ட் நுனியைக் காப்பாற்றுவது இன்னொரு விஷயம். நடுவில் லேத்தில் போட்ட கூம்புக் குழி இருந்தால் திருகின் கூர்முனை அதில் சரியாக உட்காரும். அந்தக் குழிக்குப் பதிலாக மரைத் துளை இருந்தால் கூர்முனையை நேராக அதில் வைத்து இறுக்கக் கூடாது, முதல் இரண்டு மரை நசுங்கிவிடும், பிறகு போல்ட்டு ஏறாது. அந்தத் துளையில் பொருந்தும் ஒரு போல்ட்டை முழுதாகப் போட்டு அதன் தலையில் திருகை வையுங்கள், அல்லது தடிமனான ஒரு இரும்பு வட்டத்தை இடையில் கொடுங்கள். ஷாஃப்ட் நுனியில் வெளிமரை இருந்தால் நட்டைக் கழற்றி எறியாமல், ஷாஃப்ட் முனையோடு சமமாக நிற்கும் வரை திருப்பி மாட்டி வையுங்கள். மரையும் தப்பும், கியர் திடீரென்று விடுபட்டாலும் பறந்து வராது.

இனி இறுக்குவது. திருகு கடினமாகும் வரை இறுக்குங்கள், பிறகு நிறுத்துங்கள். நிறுத்தத்தான் பலருக்கு மனசு வராது. பாரம் ஏறிய நிலையில் திருகின் தலையில் சுத்தியால் நேராக ஒரு அடி. துருவும் அழுத்தமும் சேர்ந்து பிடித்திருக்கும் பிடி அந்த அதிர்வில்தான் விடும். மறுபடி கால் சுற்று, மறுபடி ஒரு அடி. வரவில்லையா? பாரத்தோடு அப்படியே விட்டு, ஷாஃப்டும் கியரும் சேரும் கோட்டில் மண்ணெண்ணெய் அல்லது துரு நீக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு வேறு வேலை பாருங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. 40 மி.மீ. துளை உள்ள எஃகு கியர் 100 டிகிரி சூடேறினால் துளை ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் இந்த அளவு கியரை இறுக்கிப் பிடிக்கும் பொருத்தமே பெரும்பாலும் அதற்குள்தான். சூடு கியருக்கு மட்டும் போக வேண்டும், ஷாஃப்டுக்குப் போகக் கூடாது. அதனால் புல்லரில் பாரம் ஏற்றி வைத்துவிட்டு, கியரைச் சுற்றிச் சுற்றி வேகமாகச் சுடவைத்து, ஷாஃப்ட் சூடேறுவதற்குள் இழுக்க வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் இரண்டும் சேர்ந்தே விரியும், ஒரு பயனும் இல்லை. வெல்டிங் கடையில் இருந்து கேஸ் கட்டரைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் காட்டுகிறவர்கள் உண்டு. கியரின் உலோகம் வைக்கோல் மஞ்சளாக மாறினாலே 220 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், நீலமானால் 300-ஐ ஒட்டி. கடினப்படுத்திய பல் அந்தச் சூட்டில் இளகிவிடும். பார்க்க நல்லாவே இருக்கும், ஒரு பருவம் ஓடியபின் பல் தேய்ந்து சத்தம் போடும். பக்கத்தில் ஆயில் சீல் இருந்தால் அது முதலில் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் வெளியே கிடக்கும் ஸ்பேனரைத் தொட முடியாது என்றாலும், கியரை விரிக்க அந்தச் சூடு பத்தாது.

இரண்டு காலா மூன்று காலா என்பதற்கு என் பதில் நேரடியானது: மூன்று கால் நுழையும் இடத்தில் மூன்று கால்தான். மூன்றும் தானாகவே மையம் பிடிக்கும், சாயாது. ஒரு பக்கம் கேஸிங் சுவர் மறைக்கும் இடத்துக்குத்தான் இரண்டு கால். இரண்டு கால் போடும்போது கால்கள் வெளியே விரியாமல் இருக்க நடுவில் ஒரு ஜி கிளாம்ப் போடுங்கள், இல்லாவிட்டால் சங்கிலி சுற்றி இறுக்குங்கள். எந்தப் புல்லரானாலும் கால்கள் திருகுக்கு இணையாக நிற்க வேண்டும். விரிந்து நின்றால் கொக்கி நழுவும், அல்லது கால் வளையும். நழுவிய கால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போடுங்கள், திருகின் நேர்க்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் தடித்த தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, பாரம் ஏறும்போது புல்லர் மேல் போர்த்திவிடுங்கள்.

தோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தோல் பதனிடும் பட்டறை டிரம் வேலையும் உங்களிடம் வரலாம். உப்பும் சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்து அங்கே பேரிங்கை ஷாஃப்டோடு ஒட்டவே வைத்துவிடும். அது என்ஜின் வேலை மாதிரி இல்லை. பழைய பேரிங்கைக் காப்பாற்றும் எண்ணமே வேண்டாம். வெளிவளையத்தை வெட்டி எடுத்துவிட்டு, உள்வளையத்தில் கிரைண்டரால் ஷாஃப்டைத் தொடாத அளவுக்கு ஒரு கீறல் போட்டு உளியால் பிளந்து எடுப்பதே வேகம்.

பேரிங் பற்றிய விதி எங்கும் ஒன்றுதான். ஷாஃப்டில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பது உள்வளையம் என்றால் உள்வளையத்தைப் பிடித்துதான் இழுக்க வேண்டும். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வேறு வழியில்லாமல் அப்படி இழுத்தால் அந்தப் பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். கையில் சுற்றினால் நன்றாக இருக்கிற மாதிரியே தோன்றும், ஓட ஆரம்பித்ததும் ஊளையிடும்.

இரு சக்கர வண்டியின் கிராங்க் நுனியில் இருக்கும் மேக்னெட் என்கிற காந்தச் சக்கரத்துக்கு மட்டும் தயவுசெய்து கால் புல்லரைக் கொண்டுபோகாதீர்கள். அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தால் விளிம்பு வளையும், உள்ளே இருக்கும் காந்தம் விடும். மேக்னெட்டின் நடுக் குடத்தில் மரை இருக்கும், அதில் ஏறும் தனிப் புல்லர் அந்தந்த வண்டிக்குக் கிடைக்கிறது. ஒன்றின் மரை மற்றொன்றுக்கு ஒத்துவராது, சிலவற்றில் இடது மரையாகவும் இருக்கும். புல்லரின் உடலை மரை முடியும் வரை முழுதாக ஏற்றிய பிறகுதான் நடுத் திருகைத் தொட வேண்டும். மூன்று மரை மட்டும் ஏற்றிவிட்டு இழுத்தால் மேக்னெட்டின் மரை உரிந்துபோகும், அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் ஓட வேண்டும். இங்கே பிடிப்பு கூம்பில் இருப்பதால் கியர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வராது. ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு முழுதாக விட்டுவிடும். நட்டை முனையில் விட்டு வையுங்கள் என்றது இங்கே இன்னும் முக்கியம். மேக்னெட்டை ஷாஃப்டோடு பூட்டும் அரைவட்டக் கீ கீழே விழுந்து தொலையும், மேக்னெட் வந்ததும் முதலில் அதை எடுத்து வையுங்கள்.

புல்லர் இல்லை என்று ஷாஃப்ட் நுனியில் சுத்தியால் அடித்து மேக்னெட்டைக் கழற்றுவது நம் ஊரில் சகஜம். இரு சக்கர வண்டிகளின் கிராங்க் பெரும்பாலும் ஒரே துண்டு இல்லை. இரண்டு தட்டுகளையும் ஒரு பின்னையும் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. நுனியில் விழும் அடி அந்தத் தட்டுகளைக் கோணலாக்கும். வண்டி ஓடும், ஆனால் அதிரும். வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்து பேரிங் சத்தம் என்று வருவார், காரணம் யாருக்கும் தெரியாது.

பழைய மெதுவோட்ட டீசல் என்ஜின்கள், இங்கிலாந்தின் லிஸ்டர் என்ஜின் மாதிரியில் ராஜ்கோட்டில் செய்துவந்த வகை, இன்னும் சில கிணற்று மேட்டில் கிடக்கின்றன. அதன் பெரிய பிளைவீலைப் பார்த்ததும் பெரிய புல்லர் தேட வேண்டாம். அதைப் பிடித்திருப்பது தலை வைத்த சாய்வுக் கீ. கீயின் தலைக்கும் குடத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஆப்பு அடித்துக் கீயை வெளியே கொண்டுவந்தால், துரு பிடித்திருக்காவிட்டால் வீல் கையாலேயே வரும். ஆப்பு அடிக்கும்போது வீலின் எடையை யாராவது தாங்க வேண்டும் அல்லது கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும், காலில் விழுந்தால் கதை முடிந்தது.

கார், டிராக்டர் வேலை எடுத்தால் கிராங்க் புல்லி ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில புல்லியில் குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் ஒட்டியிருக்கும், அதிர்வைக் குறைக்க. வெளிவளையத்தில் கால் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழிந்து புல்லியே குப்பை. குடத்தில் இரண்டு அல்லது மூன்று மரைத் துளை கொடுத்திருப்பார்கள், அதில் போல்ட்டு போட்டு, கால் இல்லாமல் துளையிட்ட தட்டும் நடுத் திருகும் மட்டும் உள்ள தட்டுப் புல்லரால்தான் இழுக்க வேண்டும்.

கிராங்கின் கிளட்ச் பக்க நுனியின் உள்ளே, கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்குக்கு, பின்பக்கம் மூடியிருப்பதால் கால் போகாது. உள்ளே விரியும் புல்லரும், கம்பியில் சறுக்கி வெளிப்பக்கம் அடித்து இழுக்கும் சறுக்குச் சுத்தியும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பேரிங்கின் பின்னால் இருக்கும் குழியில் கிரீஸை நிறையத் திணித்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கம்பியை வைத்துச் சுத்தியால் அடியுங்கள். கிரீஸுக்குப் போக வேறு இடமில்லாததால் பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். கம்பி தளர்வாக இருந்தால் கிரீஸ் உங்கள் முகத்துக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்குவது பற்றி. கால்கள் விரியும் அகலத்தைக் கடையில் அங்குலக் கணக்கில் சொல்வார்கள்: 3, 4, 6, 8. உங்களுக்கு ஒரு 4 அங்குல மூன்று கால், ஒரு 6 அங்குல மூன்று கால், ஒரு பேரிங் செபரேட்டர், அடிக்கடி வரும் வண்டிகளுக்கு மேக்னெட் புல்லர்.  விரிவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், காலின் நீளத்தையும் பாருங்கள். கியர் ஷாஃப்டில் எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அதைவிடக் கால் நீளமாக இருக்க வேண்டும். இன்னொரு கை விதி: நடுத் திருகின் விட்டம் ஷாஃப்ட் விட்டத்தில் பாதியாவது இருக்க வேண்டும். 40 மி.மீ. ஷாஃப்டுக்கு 12 மி.மீ. திருகு வைத்த புல்லர் என்றால் வளைவது திருகுதான்.

டபாரியா மாதிரி பெயர் உள்ளதை எடுங்கள், அல்லது பெயர் தெரியாததானால் காலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடித்து உருவாக்கிய காலில் பக்கவாட்டில் ஒரு அகலமான கோடு ஓடும். வார்ப்பில் செய்தது சொரசொரப்பாக, மணல் தடம் தெரியும்படி இருக்கும், கோடு இருந்தாலும் மெல்லியதாக இருக்கும். வார்ப்பு வளையாது, ஒடியும், உங்களுடையது ஒடிந்த மாதிரியே. மூட்டுப் பின்னில் ஆட்டம் இருக்கிறதா, மூன்று காலும் ஒரே நீளமா என்று மேசையில் நிறுத்திப் பாருங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் நமக்கு இரண்டு பக்கமும் வசதி இருக்கிறது, சென்னை பிராட்வே ஒரு பக்கம், பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு பக்கம். புதுப்பேட்டையில் பழையதாகவும் கிடைக்கும். பழையது எடுத்தால் கொக்கி நுனி உருண்டிருக்கிறதா, திருகு நேராக ஓடுகிறதா என்று முழு நீளத்துக்கும் சுற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

தட்டுப் புல்லரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடி பக்கம் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன, ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலைக்கு வேலை செய்து பழகிய கைகள். 20 மி.மீ. தடிமன் தட்டில் நடுவே மரை, சுற்றிலும் பல அளவு புல்லிகளுக்கு ஏற்ற மாதிரி நீள்துளைகள் என்று சொன்னால் போட்டுத் தருவார்கள். மெல்லிய தட்டில் செய்தால் பாரத்தில் குழிந்துவிடும். இழுக்கும் போல்ட்டு தலையில் அதன் பலத்தைக் காட்டும் எண், 8.8 அல்லது 10.9 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத போல்ட்டு ரப்பர் போல நீளும்.

ஹைட்ராலிக் தேவைப்படும் காலம் வரும். நெடுஞ்சாலையில் லாரி வேலை, டிஃபரென்ஷியல் பேரிங், பெரிய ஹப் எல்லாம் எடுக்கும்போது வாங்குங்கள். ஷாஃப்ட் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 7 முதல் 10 வரை பெருக்கினால் வருவது டன். 2 அங்குல ஷாஃப்டுக்கு 14 முதல் 20 டன். 5 டன் வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைக்கக் கூடாது. அதில் பாரம் ஏறுவது கைக்குத் தெரியாது, பம்பை அடித்துக்கொண்டே இருப்போம், ஏதாவது ஒன்று விடும் வரை. பாரம் ஏறிய ஹைட்ராலிக் திருகின் தலையில் சுத்தியால் அடிக்கவும் கூடாது, சீல் போய்விடும்.

இனி உங்கள் நசுங்கிய கியர். பல்லின் பக்க ஓரத்தில் மட்டும் பிசிறு நின்றால் எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சரிசெய்து போடலாம். விரல் நகத்தைப் பல்லின் வேலை செய்யும் முகத்தில் ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டினாலோ சில்லு பெயர்ந்திருந்தாலோ கியரை மாற்றிவிடுங்கள், கேம் கியரின் பல்லையும் அதே மாதிரி பார்த்துவிடுங்கள். புதியதைப் போடும்போது அடித்து ஏற்றாமல், எண்ணெயில் 100 முதல் 120 டிகிரி வரை சூடாக்கி, கியரின் பள்ளத்தை ஷாஃப்டில் இருக்கும் கீயோடு நேராக்கி, கையுறையோடு ஒரே தள்ளில் கடைசி வரை தள்ளி, குளிரும் வரை பிடித்திருங்கள். சுவரில் எழுதி வைத்த மி.மீ. சரியாக வருகிறதா என்று வெர்னியரில் பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.